மறு இறுக்கம்

ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். வேறு வேலை கிடையாது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த தகர டப்பா மேஜைமேல் இருக்கிறது, அதன் உடம்பெல்லாம் வேர்த்திருக்கிறது, நான் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். இப்போதே திறந்தால் அறைக் காற்றின் ஈரம் குழாய்க்குள் படிந்துவிடும், ஈரம் படிந்தால் மெஷின் பொய் சொல்லும். எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் இதை. சொன்னது எங்கே, கத்தினேன். மணி ரெண்டு பத்து. மூணு பத்துக்குத் திறக்கலாம். உள்ளே நாலு குழாய். எவர்சில்வர், சுட்டுவிரல் நீளம், பேனா கனம், உள்ளே கரித்தூள் மாதிரி ஒரு கறுப்புப் பொடி, இரண்டு முனையிலும் பித்தளை மூடி. பம்பு வைத்து அதன் வழியாகக் காற்றை இழுத்தால் காற்றில் கலந்திருக்கிற ரசாயனத்தை அந்தப் பொடி பிடித்து வைத்துக்கொள்ளும். சூடு காட்டினால்தான் விடும். ஒரு தடவைதான் விடும். மெஷினில் போட்டுச் சூடு காட்டினால் என்ன பிடித்தது, எவ்வளவு பிடித்தது என்று திரையில் கோடு போட்டுக் காட்டிவிடும். அடுப்பில் போட்டுச் சூடு காட்டினால் நைட்ரஜனோடு எல்லாம் புகைபோக்கி வழியாகப் போய்விடும், குழாய் புதுசு மாதிரி ஆகிவிடும், பிறகு யாரும் அதனிடம் எதுவும் கேட்க முடியாது. வலது கைப் பக்கம் மெஷின். இடது கைப் பக்கம் அடுப்பு. இந்த அறையை இப்படி அமைத்தது நான்தான், நடந்து அலைய வேண்டாம் என்று. காலையில் மெஹருன்னிசா வந்து கேட்டாள். பதினோரு வருஷமாக இந்தச் சோதனைக்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கிறவள். "சார், அடித்தட்டு டப்பா இன்னிக்கோட முப்பது நாள் முடியுது. சுட்டுக் காலி பண்ணிடவா?" நிமிர்ந்து பார்க்கவில்லை. "நான் பாத்துக்கறேன்." அவள் நிற்பது எனக்குத் தெரிந்தது. பிறகு செருப்புச் சத்தம் தூரத்தில் போயிற்று.

மூடியில் ஒரு சொட்டு உருண்டு இன்னொரு சொட்டோடு சேர்ந்து விளிம்பில் நிற்கிறது. விழவில்லை. முப்பது நாளுக்கு முன்னால் அந்த ஷூ கம்பெனி வாசலில் வெயில் இப்படித்தான் அடித்தது. செக்யூரிட்டி என் பெட்டியைத் திறந்து, "இன்னா சார் இது, துப்பாக்கிக் குண்டா?" என்றான். பெட்டியை மூடி வாங்கிக்கொண்டேன். பசை ஒட்டுகிற பகுதி, பேஸ்டிங் என்று அங்கே சொல்வார்கள், நீளக் கொட்டகை, முப்பது நாப்பது பெண்கள், கையில் பிரஷ், முன்னால் பசை டப்பா, ஷூவின் அடியில் தடவித் தடவி அடுத்த ஆளிடம் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். பசையில் ஹெக்சேன் கலந்திருக்கிறது. சீக்கிரம் காய்வதற்குக் கலப்பது. காய்ந்து எங்கே போகும். அவர்கள் மூக்குக்குத்தான் போகும். வருஷக்கணக்கில் போனால் நரம்பில் உட்கார்ந்து கை கால் நுனியிலிருந்து உணர்ச்சியைத் தின்னும். எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. என் மூக்கு இந்த வேலையில் போய்ப் பத்து வருஷம் ஆகிறது, அதனால் எனக்கு அங்கே ஒரு வாசனையும் இல்லை, தண்ணீர் குடிக்கிற இடத்தில் நிற்கிற மாதிரி நின்றேன். மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து மேல்கோட்டின் கழுத்துப் பட்டியில் ஆளுக்கு இரண்டு குழாய் மாட்டினேன். ஒன்று சோதிக்க, ஒன்று பத்திரத்துக்கு, முப்பது நாள் வைத்திருக்க. மூன்றாவது ஆள் குணசுந்தரி. முப்பத்தைந்து நாப்பது வயசு இருக்கும், நல்ல வாய். "இன்னா பெரியவரே, தாலியா? ஏற்கெனவே ஒருத்தன் கட்டிட்டு ஓடிட்டான். நீயாவது இருப்பியா?" வரிசை முழுக்கச் சிரித்தது. கூட வந்திருந்த மெஹரும் குறிப்பு நோட்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "ஆடாம நில்லு" என்றேன். நின்றாள். நின்றவள் குரலைத் தாழ்த்தி, "பெரியவரே, ஒண்ணு கேக்கட்டா? உள்ளங்கால் ரெண்டும் பஞ்சு மேல நடக்கற மாதிரியே கீது. போன வாரம் ஒத்தைச் செருப்பு ரோட்டுல கழண்டுபோச்சு. நான் பாட்டுக்கு பஸ் ஏறிட்டேன். கண்டக்டர் சொல்லித்தான் எனக்கே தெரியும். இந்தக் குழாய் அதைச் சொல்லுமா?" என்றாள். கையில் குறடு வைத்திருக்கும்போது நான் பேசுவதில்லை. இருந்தும் சொன்னேன். "சொல்லும்." ஒரு சொல். அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அதோடு விட்டேனா. கிளம்பும்போது மேனேஜர் டீ கொடுத்தான், "ரிசல்ட்டை நம்பலாமா சார்?" என்று கேட்டான், நான் டீயைக் கீழே வைத்துவிட்டு, "என் பிளாங்க் முப்பது வருஷமா சுத்தம்" என்றேன். பிளாங்க் என்பது வெற்றுக் குழாய். மற்ற குழாய்களோடு கூடவே போகும், அங்கே மூடியைத் திறந்து உடனே மூடுவோம், காற்றை இழுக்க மாட்டோம், கூடவே திரும்பி வரும். அதில் ஒன்றும் இருக்கக் கூடாது. இருந்தால் வழியிலோ வைத்த இடத்திலோ நாம்தான் கெடுத்தோம் என்று அர்த்தம். மற்ற குழாய்கள் கம்பெனியைப் பற்றிச் சொல்லும், பிளாங்க் நம்மைப் பற்றிச் சொல்லும். இதையும் கத்தியிருக்கிறேன். ஒரு தடவை ரம்ஜானுக்கு மறுநாள் மெஹர் மணிக்கட்டில் அத்தரோடு வந்தாள், அப்போது எனக்கு மூக்கு இருந்தது, எல்லாரும் பார்க்க, "போய்க் கையைக் கழுவு, இல்லேன்னா வீட்டுக்குப் போ" என்றேன். கழுவிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் ஒரு பண்டிகைக்கும் பூசிக்கொண்டு வந்ததில்லை. பவுடர் கிடையாது, பூ கிடையாது. குளிர்பெட்டிக் கதவில் சிவப்பு மையில் என் கையெழுத்து, 'குழாய் தவிர வேறு எதுவும் வைக்கக் கூடாது. தயிர் சாதம் உள்பட.' ரெண்டு இருபத்தைந்து. டப்பா இன்னும் வேர்க்கிறது. விரலால் தொட்டேன். ஐஸ்.

மறு இறுக்கம். அங்கேதான் போய்ப் போய் முட்டுகிறேன். மூடியைக் கையால் இறுக்கி, பிறகு குறடால் கால் சுற்று. அதற்கு மேல் போனால் உள்ளே இருக்கும் வெள்ளை வளையம் நசுங்கும். பிறகு குளிரில் வைக்க வேண்டும். குளிரில் எல்லாம் சுருங்கும், பித்தளை கொஞ்சம் சுருங்கும், வளையம் அதிகமாகச் சுருங்கும், ஆகவே வெளியே இறுக்கமாக இருந்த மூடி உள்ளே போனதும் தளர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பப் போய், குளிரிலேயே வைத்து, இன்னொரு சிறிது இறுக்க வேண்டும். பதிவேட்டில் இதற்கென்றே இரண்டு கட்டம் போட்டேன். இறுக்கம், நேரம், கையெழுத்து. மறு இறுக்கம், நேரம், கையெழுத்து. அன்றைக்குச் சாயங்காலம் முதல் செட்டு நாலு குழாயை, மூன்று பேருடையது மூன்று, பிளாங்க் ஒன்று, நான் வைத்தேன், அதே மாதிரி பத்திரத்துக்கு உள்ள நாலை மெஹர் டப்பாவில் அடைத்து அடித்தட்டில் வைத்தாள். என் கட்டத்தில் ஐந்து பத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேனா கையில் இருந்தது. பக்கத்துக் கட்டத்தில் ஆறு பத்து என்று எழுதி அங்கேயும் போட்டேன். ஆறு பத்துக்கு நான் வீட்டில் காலை ஸ்டூல்மேல் நீட்டிக்கொண்டு இருந்தேன். முட்டி வலி. அவ்வளவுதான் காரணம். பெரிய காரணமாக இருந்திருந்தால் பரவாயில்லை. யாராவது சாகக் கிடந்திருந்தால். ஒன்றுமில்லை, முட்டி, குளிர்பெட்டி இருக்கிற மாடிக்குப் படி பதினெட்டு. இது ஒன்று. இன்னொன்று, கரைப்பான் வைக்கும் குளிர்பெட்டி அன்று மத்தியானம் நின்றுபோயிற்று. ஹெக்சேன் பாட்டிலை எடுத்துக் குழாய் பெட்டியின் கதவுத் தட்டில் வைத்தேன். என் கையெழுத்தைத் திறந்துதான் வைத்தேன். நாளைக்கு மெக்கானிக் வந்துவிடுவான், ஒரு ராத்திரிதானே. இரண்டும் ஒரே நாளில். தளர்ந்த மூடி, பக்கத்தில் பாட்டில். வேறு யாராவது செய்திருந்தால் அவன் பையைத் தூக்கி வெளியே வீசியிருப்பேன்.

மறுநாள் மெஹர்தான் மெஷினில் போட்டாள். மூன்று பேர் குழாயிலும் ஹெக்சேன் சட்டம் அனுமதிக்கிற வரம்புக்கு மேலே. பிறகு பிளாங்க். வந்தாள். "சார், பிளாங்க்ல ஏறியிருக்கு." "எவ்ளோ?" காட்டினாள். நன்றாக ஏறியிருந்தது. முப்பது வருஷத்தில் முதல் தடவை. அந்த டீ கிளாஸ் ஞாபகம் வந்தது, மேனேஜர் தலையை ஆட்டியது, செக்யூரிட்டி, மறுபடி அந்த வாசலில் போய் நின்று மறுபடி மாட்டுகிறேன் என்று சொல்ல வேண்டும். "மத்த மூணுலேர்ந்தும் அதைக் கழிச்சிடு" என்றேன். "சார், இவ்ளோ ஏறினா மொத்தத்தையும் தூக்கிப் போட்டுட்டு மறுபடி எடுக்கணும்னு நீங்கதானே—" "கழிச்சிடுன்னேன்." கழித்தாள். கழித்ததும் மூன்றும் வரம்புக்குக் கீழே வந்துவிட்டன. கொஞ்சம்தான் கீழே, ஆனால் கீழே. கையெழுத்துப் போட்டேன். இதை எத்தனை தடவை உருட்டியாயிற்று. நாலு குழாயும் ஒரே அளவு தளர்ந்து ஒரே அளவு குடித்திருந்தால் கழித்தது சரி. கணக்கு அதுதான். பிளாங்க் மட்டும் குடித்திருந்தால், மற்றவை இறுக்கமாக இருந்திருந்தால், நான் கழித்தது அவர்கள் மூக்கில் போனதையே. எந்த மூடி எவ்வளவு தளர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதால்தான் தூக்கிப்போடச் சொல்வது. ஒரே அளவு குடித்திருக்கலாம். குடித்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சுவரில் முட்டும் ஈ மாதிரி அங்கேயே. ரெண்டு நாப்பது. ஒரு வாரம் கழித்து எங்கள் முதலாளி கீழே வந்தார், பழைய கோடுகளைப் புரட்டினார், "எத்திராஜ் சார், உங்க பிளாங்க் ஏறியிருக்கே, என்னாச்சு?" என்றார். உங்க பிளாங்க். அந்தச் சொல் வேலை செய்தது. "மூடி லூசு. மெஹர் கை." நாலு சொல். அவள் பின்னால் தொட்டியில் கண்ணாடிக் குடுவை கழுவிக்கொண்டிருந்தாள். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கழுவுகிற சத்தம் மட்டும் நின்றுவிட்டது. அவளுக்கு மெமோ கொடுத்தார்கள். வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். திட்டியிருக்கலாம். அதற்குப் பிறகு எந்தக் குழாயானாலும் மூன்று தடவை இறுக்குகிறாள், விரலில் குறடு பதிந்து காய்த்திருக்கிறது, வளையங்கள் நசுங்குகின்றன, "ஏன் வளையத்தைக் கெடுக்கறே" என்று அதற்கும் ஒரு நாள் கத்தினேன்.

பூட்ஸை ஒரு காலால் தள்ளிக் கழற்றினேன். சாக்ஸையும். தரை ஜில்லென்று இருக்கிறது. நல்ல ஜில். மொசைக்கில் ஒரு சின்ன மேடு, அதன் மேல் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன், தெரிகிறது. இது தெரியாமல் எப்படி நடப்பது. பஞ்சு என்றாள். போன வியாழக்கிழமை முத்துக்கடை பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். "இன்னா பெரியவரே!" குணசுந்தரி. வலது கால் செருப்பை ஷூ கம்பெனியில் கிடைக்கும் எலாஸ்டிக் துண்டால் கணுக்காலோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "நாய்க்குச் சங்கிலி போடற மாதிரி போட்டுக்கினேன். இனிமே எங்க ஓடும்?" என்று சிரித்தாள். பிறகு கேட்டாள். "குழாய் இன்னா சொல்லிச்சு?" பஸ் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. "ஒண்ணும் இல்லையாம்" என்றேன். இல்லையாம். யாரோ சொன்ன மாதிரி. அவள் முகத்தில் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "சர்க்கரையா இருக்கும்னாரு டாக்டரு. எடுத்துப் பாத்தாங்க, அதும் இல்லை. உனக்கு மனசுலதான்டி வியாதின்னு எங்கக்கா சொல்லுது. நான்தான், இரு, அந்தப் பெரியவர் குழாய் சொல்லட்டும்னு இருந்தேன்." தன் காலைக் குனிந்து பார்த்தாள், யாரோ ஒருத்தர் காலைப் பார்ப்பதுபோல. "அப்போ அக்கா சொல்றதுதான் போல." அவள் பஸ் வந்தது, ஐந்தே முக்கால் வண்டி. படியில் காலை வைக்கும்போது கண்ணால் பார்த்து வைத்தாள். ஏறிப்போய் ஜன்னல் வழியாக எனக்குக் கை காட்டினாள். கை காட்டினாள். நான் திருப்பிக் காட்டினேனா இல்லையா, ஞாபகமில்லை. என் பஸ்ஸை விட்டுவிட்டேன் என்பது மட்டும் ஞாபகம்.

டப்பாவின் மேல்பக்கம் காய்ந்துவிட்டது, அடியில்தான் ஒரு வளையம் ஈரம். எனக்கு எது பயம். கோடு மேலே போகும் என்றா. கீழே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன், அதுதான் பயம். கீழே இருந்தால் நான் தப்பித்தேன், அவள் காலுக்கு என்ன என்று அதற்குப் பிறகு நான் நினைக்கவே மாட்டேன், என்னை எனக்குத் தெரியும். இன்னொன்றும் இருக்கிறது. அந்த ஒரு சாயங்காலம் மட்டும்தான் இரண்டு கட்டத்திலும் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டேனா. சரி, அதை இப்போது எடுக்க வேண்டாம். கை பதிவேட்டை இழுத்துவிட்டது. முப்பது நாள் பின்னால் புரட்டினேன். என் வரி. ஐந்து பத்து, ஆறு பத்து, இரண்டு கையெழுத்தும் ஒரே மையில், ஒரே சாய்வில், இரட்டைப் பிள்ளை மாதிரி. எவனுக்கும் தெரியும். கீழே மெஹர் வரி. அடித்தட்டு டப்பா, நாலு குழாய். இறுக்கம், ஐந்து இருபது. மறு இறுக்கம், ஆறு இருபத்தைந்து, வேறு பேனா. ஓரத்தில் பொடி எழுத்தில், 'நாலும் தளர்ந்திருந்தது. சரி செய்தேன்.' அதற்குக் கீழே இன்னொரு வரி, மறுநாள் தேதி போட்டு. 'கதவுத் தட்டில் இருந்த ஹெக்சேன் பாட்டில் காலை எட்டு ஐம்பதுக்கு வெளியே எடுக்கப்பட்டது.' யார் வைத்தது என்று எழுதவில்லை. ஆறு இருபத்தைந்துக்குத் தளர்ந்திருந்த மூடிகளைத் தொட்டவள், மேல்தட்டில் என் குழாய்களையும் பார்த்திருப்பாள். தொட்டிருக்க மாட்டாள். என் குழாயை யாரும் தொடக் கூடாது என்பதும் என் சட்டம்தான். மெமோ வந்த அன்று இந்தப் பக்கத்தைத் திறந்து முதலாளி மேஜையில் போட்டிருந்தால் போதும். போடவில்லை. இருபத்திரண்டு நாளாக இது அலமாரியில், என் கை எட்டுகிற இடத்தில் இருந்திருக்கிறது. நான்தான் திறக்கவில்லை.

"சார்." எப்போது வந்தாள் தெரியவில்லை. என் வெறுங்காலைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், மடியில் இருக்கும் பதிவேட்டைப் பார்த்தாள். மூடலாமா என்று கை போயிற்று. மூடவில்லை. "அடுப்பு சூடாயிடுச்சு சார். போட்டுடலாமே." "இருக்கட்டும்." "சுடறதுக்கு எதுக்கு சார் ஒரு மணி நேரம்? ஈரம் இருந்தாலும் அதுவே போயிடும். ரீடிங் எடுக்கத்தானே காத்திருப்போம்." ஆமாம். அது எனக்கும் தெரியும். ரெண்டு பத்துக்கு உட்கார்ந்தபோதே இந்த உடம்புக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் சொல்லவில்லை. கடிகாரம் பார்த்தேன். மூணு பன்னிரண்டு. டப்பாவைத் திறந்தேன், பிளாங்க்கை எடுத்தேன், மூடியைத் திருகினேன். அசையவில்லை. குறடு போட்டேன். வழுக்கியது. "பேய் மாதிரி இறுக்கியிருக்கே" என்றேன். "லூசா இருந்தா திட்டுவீங்க, இறுக்கினாலும் திட்டுவீங்க" என்றாள். குறடை என் கையிலிருந்து வாங்கினாள், ஒரே அழுத்து, மூடி கழன்றது. "இதை எங்க சார் போடணும்?" வேண்டுமென்றேதான் கேட்டாள். என் வாயால் வரட்டும் என்று. "மெஷின்ல." பிறகு, "பிளாங்க் முதல்ல."

கோடு ஓடியது. ஹெக்சேன் வர வேண்டிய நிமிஷம் வந்தது, போயிற்று. கோடு தரையைத் தொட்டபடியே போயிற்று, தூங்குகிறவன் மூச்சு மாதிரி. சுத்தம். அதே பெட்டி, அதே பாட்டில், அதே ராத்திரி, ஒரு குறடு அசைத்ததுதான் வித்தியாசம். அடுத்து நாப்பத்தி ஒண்ணாம் நம்பர், குணசுந்தரியின் குழாய். நான் திரையைப் பார்க்காமல் மெஹர் விரல் காய்ப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷம் வந்ததும் அந்த விரல் மேஜை விளிம்பைப் பிடித்தது. பார்த்தேன். கோடு ஏறிக்கொண்டிருந்தது. நிற்கவில்லை. திரையின் மேல் விளிம்பைத் தொட்டு, மெஷின் தானாகவே அளவைச் சுருக்கிக் காட்டி, அப்போதும் ஏறியது. வரம்புக்கு இரண்டு மடங்கு இருக்கும், சரியான கணக்கு பிறகு. இதைத்தான் நான் ஒண்ணும் இல்லையாம் என்றேன். இதைச் சுவாசித்துக்கொண்டுதான் தாலியா என்று கேட்டாள். மெஹர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், மெதுவாக, "கழிக்கணுமா சார்?" என்றாள். பதினோரு வருஷத்தில் அவள் என்னைக் குத்தியது இது ஒன்றுதான். "கழிக்க என்ன இருக்கு" என்றேன். அவள் மூன்றாவது குழாயை எடுத்தாள். நான் பூட்ஸை மாட்டிக்கொண்டு பதிவேட்டை மேஜையில் விரித்தேன். முதலாளி மாடியில் இருக்கிறார், பதினெட்டுப் படி. ரிப்போர்ட்டைத் திருப்பி வாங்க வேண்டும். மெமோவைத் திருப்பி வாங்க வேண்டும். அதற்கெல்லாம் பேச வேண்டும், நிறையப் பேச வேண்டும், எனக்குப் பேச வராது. எழுதினேன். என் வரியில், ஆறு பத்து என்ற கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில், 'மறு இறுக்கம் செய்யவில்லை. ஹெக்சேன் பாட்டில் வைத்தது நான். மெஹருன்னிசா மேல் தவறில்லை. ரிப்போர்ட் தவறு.' கீழே தேதி, கையெழுத்து. அவளிடம் தள்ளினேன். நின்றபடியே படித்தாள். ஒரு தடவை படித்தாள், இன்னொரு தடவை படித்தாள். மன்னிப்பு என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் பேனாவை எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

"நேரம் போடல சார்."

நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு இருபது. குணசுந்தரியின் ஐந்தே முக்கால் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பார்த்த நேரத்தையே எழுதினேன்.